காஸ்ட்லி ஹெட்செட் வேணுமா? நூறு வருஷத்துக்கு முன்பே ரப்பர் குழாயில் பதில் சொன்ன ராபர்ட் ஸ்மித்-பாரி

பைலட் பயிற்சியில் சேர்பவர்களுக்கு ஃபீஸ் கட்டியதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. மெடிக்கல், புத்தகம், யூனிஃபார்ம் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் பலரையும் நின்று யோசிக்க வைப்பது ஹெட்செட். சாதாரண வகையில் நல்லது ஒன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கும். இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும் ஏஎன்ஆர் வகையில் உயர்ரகம் வேண்டுமென்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மாணவருக்கு ஹெட்செட் எதற்கு? இசை கேட்கவா, காது வலிக்காமல் இருக்கவா, கன்ட்ரோல் டவரோடு பேசவா? இந்தக் கேள்விக்கு 1917-லேயே தெளிவான பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் குழாய் மட்டும்தான்.

யார் இந்த ஸ்மித்-பாரி?

ராபர்ட் ஸ்மித்-பாரி 1886-ல் பிறந்தவர். அயர்லாந்தில் பெரிய நிலபுலன்கள் வைத்திருந்த ஆங்கிலோ-ஐரிஷ் குடும்பம். படித்தது ஈட்டன் பள்ளியில். வேலைக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வீட்டுப் பையன். ஆனால் விமானம் என்ற புது விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1911-ல் பறக்கக் கற்றுக்கொண்டார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனில் ராயல் ஃப்ளையிங் கோர் தொடங்கப்பட்டதும் அதில் சேர்ந்தார். ராணுவ விமானிகளுக்காக அப்போது புதிதாகத் திறக்கப்பட்ட சென்ட்ரல் ஃப்ளையிங் ஸ்கூலின் முதல் மாணவர்களில் அவரும் ஒருவர்.

கால்கள் உடைந்த ஆகஸ்ட்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஐந்தாவது ஸ்குவாட்ரனோடு ஸ்மித்-பாரி பிரான்ஸுக்குப் போனார். எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, பெரோன் ஊருக்கு அருகே அவருடைய விமானம் விழுந்தது. கூட வந்த வீரர் இறந்துபோனார். ஸ்மித்-பாரியின் இரண்டு கால்களும் உடைந்தன.

அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் நொண்டித்தான் நடந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பறப்பதையே விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. உடம்பு தேறியதும் மறுபடியும் விமானத்தில் ஏறினார். கொஞ்ச காலம் பயிற்சி கொடுக்கும் வேலை, பிறகு மீண்டும் போர்முனை.

அனுபவமே இல்லாமல் வந்த இளைஞர்கள்

1916 கோடையில் சொம் போர் உச்சத்தில் இருந்தது. பிரான்ஸில் இருந்த 60-வது ஸ்குவாட்ரனின் தலைவர் ஜூலை தொடக்கத்தில் கொல்லப்பட, அந்தப் பொறுப்பு ஸ்மித்-பாரியிடம் வந்தது. பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஆல்பர்ட் பால் என்ற இளம் விமானியும் அவருக்குக் கீழே பறந்தார்.

பால் போன்றவர்கள் அபூர்வம். இங்கிலாந்திலிருந்து மாற்று ஆட்களாக வந்தவர்களில் பலருக்குப் பறந்த அனுபவம் ரொம்பக் குறைவு. அந்த அரைகுறைப் பயிற்சியோடு, அனுபவசாலியான ஜெர்மன் விமானிகளை எதிர்த்து அவர்களை அனுப்ப வேண்டும். காலையில் சாப்பாட்டு மேசையில் அறிமுகமான பையன் மாலையில் திரும்பி வரமாட்டான்.

இதில் ஸ்மித்-பாரிக்குக் கோபம் வந்தது. அவர் கண்டுகொண்ட விஷயம் இதுதான்: இவர்கள் தைரியம் இல்லாததால் சாகவில்லை, யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காததால் சாகிறார்கள். பிரான்ஸில் ராயல் ஃப்ளையிங் கோருக்குத் தலைமை வகித்த ஹியூ ட்ரென்சார்டுக்கு இதையே கடிதங்களாக எழுதினார். குறை சொன்னதோடு நிறுத்தாமல், பயிற்சியை எப்படி மாற்றலாம் என்றும் விளக்கினார். மேலிடம் அவர் சொன்னதையே அவரிடம் ஒப்படைத்தது: நீயே செய்து காட்டு. 1916 முடிந்து 1917 பிறந்த சமயத்தில், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் போர்ட்ஸ்மத் பக்கத்தில் இருக்கும் கோஸ்போர்ட் பயிற்சித் தளம் அவர் கைக்கு வந்தது.

அதுவரை பயிற்சி எப்படி இருந்தது?

இன்றைக்குக் கேட்டால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆரம்பகாலப் பயிற்சி விமானங்கள் பலவற்றில் மாணவர் ஒரு பயணி மாதிரிதான். பின்னால் உட்கார்ந்து, ஆசிரியரின் தோளுக்கு மேலே கையை நீட்டி, கட்டுப்பாட்டுக் கோல் எப்படி அசைகிறது என்று தொட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான் பாடம்.

ஆசிரியர்களில் பலர் போர்முனையிலிருந்து களைத்துப்போய் வந்தவர்கள். கற்பிப்பதற்கென்று அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. மாணவன் தன்னைக் கொன்றுவிடுவானோ என்ற பயம் வேறு. அதனால் விமானத்தை மாணவர் கையில் கொடுக்கவே தயங்கினார்கள். பயிற்சி மாணவர்களுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ஹன். எதிரியான ஜெர்மானியரைக் குறிக்கும் வசைச்சொல் அது. நம் விமானங்களை எதிரியைவிட அதிகமாக உடைப்பவர்கள் இவர்கள்தான் என்ற கிண்டல்.

எல்லாவற்றுக்கும் மேலே இரைச்சல். திறந்த காக்பிட். முன்னால் இன்ஜின் உறுமும், முகத்தில் காற்று அறையும். ஒரு அடி பின்னால் இருப்பவருக்கும் பேச்சு கேட்காது. ஆசிரியர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, கையால் சைகை. இன்னொன்று, இன்ஜினின் சத்தத்தை அடக்கி, விமானம் சறுக்கி இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பிக் கத்துவது. மிச்சத்தையெல்லாம் தரையில் இறங்கிய பிறகுதான் பேச முடியும். அதற்குள் மாணவருக்கு எந்தத் தவறைச் சொல்கிறார் என்பதே மறந்திருக்கும்.

விளைவு, சண்டைக்குப் போகாமலேயே, பிரிட்டனின் பயிற்சித் தளங்களிலேயே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இறந்தார்கள்.

கோஸ்போர்ட்டில் என்ன மாற்றினார்?

முதல் மாற்றம், இருக்கை. தனியாகப் பறக்கும்போது விமானி எங்கே உட்காருவாரோ, அதே இருக்கையில் முதல் நாளிலிருந்தே மாணவரை உட்கார வைத்தார். இரண்டு பேருக்கும் முழுக் கட்டுப்பாடு. விமானத்தை ஓட்டுவது மாணவர், தேவைப்பட்டால் மட்டும் ஆசிரியர் கைவைப்பார்.

இரண்டாவது, விமானம். பலவகை விமானங்களை வைத்துக் குழப்பாமல், அவ்ரோ 504 என்ற இரட்டைச் சிறகு விமானத்தைப் பயிற்சிக்கான பொதுவான விமானமாக்கினார். அது சொன்னபடி கேட்கும், அதே சமயம் தவறு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும். கற்றுக்கொள்பவருக்கு இரண்டும் தேவை.

மூன்றாவதுதான் பெரிய மாற்றம். ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுக்காமல், ஆபத்துக்குள் போய் வெளியே வரச் சொல்லிக் கொடுத்தார். உதாரணத்துக்கு ஸ்பின். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து, வேகம் செத்தால், சிறகு தூக்குவிசையை இழக்கும். ஒரு பக்கச் சிறகு மற்றதைவிட முன்னதாக இழந்தால், விமானம் பம்பரம் போலச் சுழன்று கீழே விழ ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மனித மூளை சொல்வது, கோலைப் பின்னால் இழு, மேலே போ என்று. அதைச் செய்தால் இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: சுழலும் திசைக்கு எதிர்ப்பக்க ரட்டரை மிதித்து, கோலை முன்னால் தள்ள வேண்டும். தரையைப் பார்த்து விழுந்துகொண்டிருக்கும்போது கோலை முன்னால் தள்ளுவது என்பது, யாராவது பழக்கியிருந்தால் தவிர, யாருக்கும் தானாக வராது.

ஸ்பின் என்றாலே சாவு என்று பலர் நம்பிய காலம் அது. ஸ்மித்-பாரியின் மாணவர்கள் போதுமான உயரத்தில், ஆசிரியர் துணையோடு, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போய் வெளியே வந்தார்கள். பக்கக்காற்றில் இறங்குவது, சரிந்து சறுக்குவது என்று பயமுறுத்திய மற்ற விஷயங்களும் பாடத்திட்டத்துக்குள் வந்தன.

அந்த ரப்பர் குழாய்

இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல். ஸ்பின்னில் விமானம் சுழலும்போது, இப்போ ரட்டரை மிதி, இப்போ கோலை முன்னால் தள்ளு என்று அதே நொடியில் சொல்ல வேண்டும். சைகை உதவாது. இன்ஜினை அடக்கிக் கத்தவும் நேரம் இல்லை. குரல் காதுக்குப் போய்ச் சேராவிட்டால், இவ்வளவு நல்ல பாடத்திட்டமும் காகிதத்தோடு சரி.

தீர்வாக வந்தது கோஸ்போர்ட் குழாய். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பக்கம் வாய் வைத்துப் பேச ஒரு புனல். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். மறுமுனையில் அது இரண்டாகப் பிரிந்து, மாணவரின் தோல் தொப்பிக்குள் இரண்டு காதுகளிலும் போய் முடியும். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, ரேடியோ இல்லை. குரல் காற்றில் சிதறாமல் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து காதுக்குப் போகும். தொப்பி காதை மூடியிருப்பதால் வெளி இரைச்சலும் ஓரளவு குறையும். பயிற்சி விமானியின் ஹெட்செட்டுக்கு இதை ஒரு முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம்.

பணக்கார வீட்டில் பிறந்தவர் தேர்ந்தெடுத்த தீர்வு இவ்வளவு மலிவானது என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான விமானங்களில் பொருத்த வேண்டுமென்றால், விலை உயர்ந்த, அடிக்கடி பழுதாகும் கருவி வேலைக்கு ஆகாது. குழாய் கிழிந்தால் வேறு குழாய் மாட்டிக்கொள்ளலாம்.

பேசவும் கற்றுக்கொடுத்த பள்ளி

குரல் கேட்க ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி வந்தது. ஆசிரியர் என்ன பேச வேண்டும்? வாய்க்கு வந்ததைச் சொன்னால் மாணவர் குழம்புவார். ஆகவே ஒவ்வொரு அசைவையும் செய்துகொண்டே அதைச் சுருக்கமாக, ஒரே மாதிரியான சொற்களில் விளக்கும் பழக்கம் உருவானது. இன்றும் விமானப் பயிற்றுநர்கள் இதை பேட்டர் என்று அழைக்கிறார்கள்.

1917 ஆகஸ்டில் கோஸ்போர்ட் தளம் ஸ்கூல் ஆஃப் ஸ்பெஷல் ஃப்ளையிங் ஆனது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளியாக அது வளர்ந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை, கற்பித்தல் தனித் திறமை என்பதை ஒரு நிறுவனமாகவே அவர் நிலைநாட்டினார்.

உலகம் முழுக்கப் போன முறை

1918-க்குள் பிரிட்டிஷ் விமானப் பயிற்சி முழுவதும் கோஸ்போர்ட் முறைக்கு மாறியது. கனடாவில் டொரன்டோ அருகே ஆர்மர் ஹைட்ஸில் அதே பாணியில் பள்ளி வந்தது.

குழாயும் கூடவே பயணித்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ஸ்டியர்மன் பயிற்சி விமானங்களில் இதே குழாய்தான். பிரிட்டனின் டைகர் மாத் விமானங்களிலும் அதேதான். போர்க்காலத்தில் இந்தியாவின் பேகம்பேட், ஜோத்பூர் பயிற்சிப் பள்ளிகளில் முதல் பாடம் கற்ற விமானிகளும் டைகர் மாத்தில்தான் பறந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. சென்னை தாம்பரத்தில் 1954 முதல் இயங்கிவரும் இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி, ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி. விமான ஆசிரியருக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்ற கோஸ்போர்ட்டின் அதே எண்ணம்தான் இங்கேயும்.

குறைகளும் இருந்தன

குழாய் ஒன்றும் அற்புதம் இல்லை. குரல் மங்கலாகத்தான் கேட்கும். ஸ்டியர்மன் போன்றவற்றில் அது ஒருவழிப் பாதை. ஆசிரியர் பேசலாம், மாணவர் பதில் சொல்ல முடியாது. தலையை ஆட்டிக் காட்ட வேண்டியதுதான். திட்டு வாங்கினாலும் அப்படியே. காலப்போக்கில் மின்சார இன்டர்காம் வந்து குழாயை ஓரங்கட்டியது.

ஆனால் மங்கலான அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. சரியான நொடியில், சரியான ஒரு சொல் காதில் விழுந்தது என்பதுதான் காரணம்.

கடைசிக் காலம்

போர் முடிந்ததும் ஸ்மித்-பாரி ராணுவத்திலிருந்து விலகினார். பெரிய பதவிகளைத் தேடிப் போகவில்லை. அலுவலகக் கோப்புகள் அவருக்கு எப்போதுமே ஒத்துவந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டியிருந்தும், உடைந்த கால்களோடு மீண்டும் விமானப்படைப் பணிக்குத் திரும்பினார்.

1949-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறந்தார். எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கில் அவர் பெயர் பெரிதாகக் கிடையாது. அவரால் உயிரோடு தரையிறங்கியவர்களைக் கணக்கெடுக்க வழியும் இல்லை.

சரி, உங்க ஹெட்செட்டுக்கு வருவோம்

ஸ்மித்-பாரியின் கதை சொல்வது, மலிவானதே போதும் என்பதும் இல்லை, விலை அதிகமானதே நல்லது என்பதும் இல்லை. பயிற்சியில் இருப்பவருக்கு ஹெட்செட்டின் முதல் வேலை, ஆசிரியரின் குரலைச் சரியான நொடியில் தெளிவாகக் கொண்டுவந்து சேர்ப்பது. அதோடு உங்கள் காதையும் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் செட்டுகளில் உங்கள் பட்ஜெட்டுக்குள் வருவதை எடுக்கலாம்.

காது விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தின் உள்ளே இரைச்சல் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். 85 டெசிபலில் ஒருநாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், முதல் வகுப்பு மெடிக்கலில் காது பரிசோதனையும் உண்டு. காது போனால் வேலையே போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

காதை முழுசாக மூடுகிறதா? சாதாரண வகையில் இரைச்சலைத் தடுப்பதே காதைச் சுற்றிய மெத்தைதான். நல்ல சாதாரண செட்டே 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். தண்டு வழியாக இடைவெளி விழுந்தால் பாதிப் பலன் போச்சு.

ஒரு மணி நேரம் தாங்குமா? கடையில் இரண்டு நிமிஷம் மாட்டினால் எல்லாமே வசதியாகத்தான் இருக்கும். தலையை நசுக்கும் செட், அரை மணி நேரத்தில் உங்கள் கவனத்தைப் பறித்துவிடும்.

பிளக் பொருந்துமா? சிறிய விமானங்களில் பெரும்பாலும் இரட்டைப் பிளக். ஹெலிகாப்டருக்கு ஒற்றைப் பிளக். பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேமிங் ஹெட்செட், மியூசிக் ஹெட்போன் எல்லாம் இதற்கு மாற்று ஆகாது. பிளக்கும் மைக்கின் மின்னமைப்பும் வேறு.

மைக் எப்படி? உதட்டை ஒட்டினாற்போல, சில மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வைத்த இடத்திலிருந்து தானாகச் சரியக் கூடாது. ஸ்டியர்மன் மாணவருக்குக் கிடைக்காத வசதி இது: நீங்கள் பதில் சொல்லலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா? காது மெத்தை, மைக் பஞ்சு இரண்டும் தேயும் பொருட்கள். அவை தனியாகக் கிடைக்கும் பிராண்டாகப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் செட் எடுத்தால் இவற்றை மாற்றிவிட்டு, விமானத்தில் ஒருமுறை பேசிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

அப்போ ஏஎன்ஆர் தேவையில்லையா? இன்ஜினின் தாழ்ந்த ஸ்தாயி உறுமலை அது நன்றாகக் குறைக்கும், நீண்ட பயணத்தில் களைப்பு குறையும். பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதற்காகக் கூடுதல் கடன் வாங்குகிறீர்கள் என்றால், அந்தத் தொகைக்கு எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் இரவல் செட் இருந்தால், முதல் சில மணி நேரத்தை அதில் ஓட்டிவிட்டு முடிவு செய்வதும் நல்லது.

எதை மாட்டினாலும், டேக்-ஆஃபுக்கு முன் ஒரு வேலையை மறக்காதீர்கள். ஆசிரியர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தரையிலேயே சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.